பயங்கரவாதத்தைக் கணக்கெடுக்கும் பல்கலைக்கழகங்கள்

உலகின் எந்த நாட்டில் பயங்கரவாதம் அதிகரித்தது, எங்கு குறைந்தது என்று சர்வதேச ஊடகங்கள் ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த எண்ணிக்கைகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், பல ஆண்டுகளாக அத்தேடல் போய் நின்ற இடம் ஒரு புலனாய்வு அமைப்பு அல்ல. அமெரிக்காவின் மேரிலான்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஓர் ஆய்வு நிலையமே அது. அங்கு பேணப்படும் உலகளாவிய பயங்கரவாதத் தரவுத்தளத்தில் 1970ஆம் ஆண்டு முதல் இடம்பெற்ற 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. எமது மண்ணின் துயரத்தில் ஒரு பகுதியும் அதனுள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றது. அது யாருடைய பணத்தில் வளர்ந்தது, எதைக் கணக்கில் எடுக்கின்றது, எதை விட்டுவிடுகின்றது என்பவற்றைத் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருப்பது அவசியம் என நாம் கருதுகின்றோம்.

இத்தரவுத்தளத்தின் ஆரம்பம் சற்று விசித்திரமானது. பிங்கேர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், எந்த நாட்டில் எவ்வளவு ஆபத்து உள்ளது என்பதைத் தனது வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிப்பதற்காக 1970 முதல் 1997 வரை இச்சம்பவங்களைச் சேகரித்தது. ஓய்வுபெற்ற விமானப்படையினரைப் பணிக்கமர்த்தி, செய்தி முகவரகங்களின் செய்திகளையும் பத்திரிகைகளையும் அரச அறிக்கைகளையும் வாசிக்கச் செய்து, ஒவ்வொரு சம்பவத்தையும் அட்டைகளில் பதிவுசெய்தது. மேரிலான்ட் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர்களான கரி லாஃப்ரீயும் லோறா டூகனும் அந்த அட்டைகளைப் பெற்று, சுமார் 67 ஆயிரம் சம்பவங்களைக் கணினிமயப்படுத்தும் பணியை 2005ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவு செய்தனர். 1993ஆம் ஆண்டுக்குரிய அட்டைகள் மாத்திரம் கிடைக்கவில்லை. அலுவலகம் இடம்மாறியபோது அவை தொலைந்துபோயிருந்தன. பின்னர் முயன்றும் அவற்றில் ஒரு பகுதியையே மீட்க முடிந்தது. ஜனாதிபதி பிரேமதாச மே தினத்தன்று கொழும்பில் கொல்லப்பட்ட ஆண்டு அது என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இம்முயற்சிக்கு முன்னரும் இவ்வாறான பதிவுகள் இருந்தன. அமெரிக்காவின் றான்ட் நிறுவனம் 1972இல் தொடங்கிய பதிவு, பின்னர் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பேணப்பட்டது. ஆனால், ஒரு நாட்டின் எல்லையைக் கடந்த தாக்குதல்களே அக்காலத்தில் அதில் இடம்பிடித்தன. கொன்றவரும் இலங்கையர், இறந்தவரும் இலங்கையர் என்றால் அந்த மரணத்துக்கு அங்கே இடமில்லை. உள்நாட்டுச் சம்பவங்களையும் சேர்த்தபோதே, அவை சர்வதேசத் தாக்குதல்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்பது வெளிப்பட்டது. மேரிலான்ட் ஆய்வாளர்கள் இதில் ஆற்றிய பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தாம் பயன்படுத்தும் வரைவிலக்கணத்தை அவர்கள் பகிரங்கமாக வெளியிடுகின்றனர். தரவுகளை ஏனைய ஆய்வாளர்களும் பரிசோதிக்க இடமளிக்கின்றனர். புலனாய்வுத் திணைக்களங்கள் பொதுவாகச் செய்யாத காரியம் இது.

எனினும் பணம் அரசாங்கத்திடமிருந்தே வந்தது. அந்த ஆய்வு நிலையம் 2005இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுசரணையுடன் நிறுவப்பட்டதாகும். 2012ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையிலிருந்து, இராஜாங்கத் திணைக்களத்தின் வருடாந்தப் பயங்கரவாத அறிக்கைகளுக்கான புள்ளிவிபரங்களையும் அதுவே வழங்கியது. சில ஆண்டுகளில் அந்த ஒப்பந்தம் தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. 2025இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களமும் அந்நிலையத்தின் ஆய்வுகளுக்கான நிதியை நிறுத்தியது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் வல்லது.

எம்மைப் பொறுத்தவரை, பணத்தைவிட முக்கியமான விடயம் அந்த வரைவிலக்கணமே. அரசு சாரா தரப்பு ஒன்று அரசியல், பொருளாதார, சமய அல்லது சமூக நோக்கத்துக்காகச் சட்டவிரோத வன்முறையைப் பிரயோகிப்பது அல்லது பிரயோகிக்கப்போவதாக அச்சுறுத்துவதே அங்கு பயங்கரவாதம் எனப்படுகின்றது. அதாவது, அரசு செய்வது எதுவாயினும் அந்த அட்டவணைக்கு வெளியில்தான் நிற்கும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் ஈடுபட்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டமை இந்த வரைவிலக்கணத்துக்குள் அடங்கும். அடங்கவும் வேண்டும். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது விமானப்படை குண்டுவீசியமை அடங்காது. இரு இடங்களிலும் கொல்லப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். இரண்டும் வழிபாட்டுத் தலங்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், வரைவிலக்கணத்தை வாசிப்போர் எத்தனை பேர்? எண்ணிக்கை மாத்திரமே தலைப்புச் செய்தியாகின்றது.

இன்னொரு குறையும் உண்டு. ஊடகங்களில் வெளிவந்தவையே இத்தரவின் அடிப்படை. 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்கள் வன்னியிலிருந்து வெளியேறுமாறு பணிக்கப்பட்ட பின்னர், சுதந்திரமான ஊடகவியலாளர் எவரும் செல்ல முடியாதிருந்த பிரதேசத்தில் எந்தத் தரப்பு எதைச் செய்தது என்பதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பத்திரிகை வாசித்து எவ்வாறு அறியும்? செய்தியாளர் சென்ற இடங்களில் எண்ணிக்கை கூடும். செல்ல முடியாத இடங்கள் அமைதியானவைபோலத் தோற்றமளிக்கும்.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. அவுஸ்திரேலியாவைத் தளமாகக் கொண்ட பொருளாதாரம் மற்றும் சமாதானத்துக்கான நிறுவகம், தனது உலகப் பயங்கரவாதச் சுட்டெண்ணைப் பல ஆண்டுகள் இத்தரவுகளைக் கொண்டே தயாரித்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து அச்சுட்டெண்ணில் இலங்கை சடுதியாக மேலேறியது. அதே தாக்குதலுக்குப் பின்னர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, குற்றப்பத்திரிகை இன்றி மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்களின் அனுபவத்தை எந்தச் சுட்டெண்ணும் அளவிடவில்லை.

பல்கலைக்கழகம் ஒன்று இப்பணியை வேறுவிதமாகவும் செய்யலாம் என்பதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் ஆரம்பித்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு, இலங்கை அரச படைகள், இந்தியப் படை, விடுதலைப் புலிகள், ஏனைய இயக்கங்கள் என எல்லாத் தரப்பினரதும் செயல்களை ஒரே ஏட்டில் பதிவு செய்தது. அதன் முடிவுகளுடன் உடன்படாதோர் எம்மிடையே பலர் உள்ளனர். அதற்காக அவர்கள் கொடுத்த விலையை எவரும் மறுக்க முடியாது. அதன் ஸ்தாபகர்களுள் ஒருவரான மருத்துவ பீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். எஞ்சியோர் ஊரைவிட்டு வெளியேறியும் எழுதுவதை நிறுத்தவில்லை.

தீவிரவாதத் தடுப்பு, சமூக நல்லிணக்கம் என்ற பெயர்களில் வெளிநாட்டு ஆய்வு நிலையங்கள் எமது பல்கலைக்கழகங்களுடன் கைகோக்க முன்வரும்போது, யாழ்ப்பாண, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழக நிர்வாகங்கள் கையொப்பமிடுவதற்கு முன்னர் மூன்று விடயங்களைக் கேட்டுப்பெற வேண்டும். நிதி எங்கிருந்து வருகின்றது? சேகரிக்கப்படும் வாக்குமூலங்கள் எவருடைய கைக்குப் போய்ச் சேரும்? எந்த வரைவிலக்கணத்தின்படி எமது மரணங்கள் எண்ணப்படும்? கிடைக்கும் பதில்கள் மாணவர்களுக்கும் ஊர் மக்களுக்கும் தமிழில் தெரியப்படுத்தப்பட வேண்டும்.