டிராயிங் டேப்லெட் வாங்கப் போறீங்களா? இஎம்ஐ பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சைடு இன்கம் பத்தி நான் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, கைக்கு வர்ற சம்பளம் 32,000. படம் வரைய ரொம்பப் பிடிக்கும். 36,000 ரூபாய்க்கு ஸ்கிரீன் வச்ச டிராயிங் டேப்லெட் பார்த்து வச்சிருக்கேன். நோ காஸ்ட் இஎம்ஐ-ல எடுத்துடலாமா?" வேண்டாம்னு ஒரே வார்த்தையில பதில் போட்டுட்டேன். அப்புறம் யோசிச்சா, அது சரியான பதில் இல்லைன்னு தோணுச்சு. ஆசைப்பட்டுக் கேட்கிறவருக்குக் காரணத்தையும் சொல்லணும், வேற வழியையும் காட்டணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, வகை. ஒன்று, ஸ்கிரீன் இல்லாத பென் டேப்லெட். மேஜையில இருக்கிற கருப்புப் பலகையில வரைவீங்க, கோடு லேப்டாப் திரையில விழும். இன்னொன்று, திரை மேலேயே நேரா வரையுற பென் டிஸ்ப்ளே. முதல் வகை சுமார் 3,000-லிருந்து 6,000 ரூபாய்க்குள்ள நல்லதாகவே கிடைக்குது. இரண்டாவது வகையில உருப்படியான ஒன்று வேணும்னா 20,000 பக்கம் போயிடும். சேல் நேரத்துல கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

ஸ்கிரீன் இல்லாததுல ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கல. கை ஒரு இடத்துல, கண்ணு ஒரு இடத்துல. முதல் ஒரு வாரம் உங்க கையெழுத்தே எல்கேஜி பிள்ளை எழுதின மாதிரி இருக்கும். பல பேர் இங்கேதான் "எனக்கு செட் ஆகல"ன்னு பரண்ல தூக்கிப் போடுறாங்க. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தா, ரெண்டு மூணு வாரத்துல கை பழகிடும். அந்த ரெண்டு வாரத்தைத் தாண்டுவீங்களான்னு 4,000 ரூபாயில தெரிஞ்சுக்கிறது நல்லதா, 36,000 ரூபாயில தெரிஞ்சுக்கிறது நல்லதா?

அடுத்தது சைஸ். விளம்பரத்துல பெருசா போடுறது பிரஷர் லெவல்: 2048, 4096, 8192. அதாவது பேனாவை எவ்வளவு அழுத்துறீங்கன்னு எத்தனை படியா பிரிச்சுப் பார்க்குதுங்கிற எண்ணிக்கை. புதுசா வரையுறவங்களுக்கு 2048-க்கும் 8192-க்கும் கையில வித்தியாசம் தெரியாது. இந்த எண்ணுக்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. பேனாவை லேசா வச்சாலே கோடு விழுதா, இல்ல நல்லா அழுத்தினாத்தான் விழுதாங்கிறதுதான் முக்கியம். அது பெட்டியில எழுதியிருக்காது. வாங்கினவங்க போட்ட ரிவ்யூ வீடியோவுலதான் பார்க்கணும்.

பெட்டியில நீங்க தேட வேண்டியது 'ஆக்டிவ் ஏரியா', அதாவது உண்மையில வரையக்கூடிய பகுதி. பலகை பெருசா இருக்கும், வரையுற இடம் சின்னதா இருக்கும். ஹுயான் எச்430பி மாதிரி குட்டி மாடல்ல அது 4.8 க்கு 3 அங்குலம்தான். பரப்புல கிட்டத்தட்ட ரெண்டு ஏடிஎம் கார்டு அளவு. கையெழுத்துப் போட, ஆன்லைன்ல பாடம் நடத்த அது போதும். ஆனா 24 அங்குல மானிட்டர் வச்சிருந்தா, கை ஒரு அங்குலம் நகர்ந்தா திரையில நாலு அங்குலத்துக்கு மேல ஓடிடும். வட்டம் போட்டா கோணலாத்தான் வரும், தப்பு உங்க மேல இல்ல. 15 அங்குல லேப்டாப்புக்கு 6 க்கு 4 அளவு சரியா இருக்கும். ஒன் பை வாகாமோட சின்ன மாடல், எக்ஸ்பி-பென் ஸ்டார் ஜி640 எல்லாம் இந்த அளவுதான். பெரிய மானிட்டர் இருக்கு, தோள்பட்டையிலிருந்து கையை வீசி வரையுற பழக்கமும் இருக்குன்னா, டெகோ 01 மாதிரி 10 க்கு 6 அங்குலம் பாருங்க. ஆனா மேஜையில அதுக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து இடம் இருக்கான்னு ஸ்கேல் வச்சு அளந்துடுங்க.

பேனா பேட்டரி இல்லாததா இருக்கட்டும். அதுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பலகையே காந்தப்புலம் வழியா கொடுத்துடும், சார்ஜ் போடுற தொல்லை இல்ல. பழசு வாங்குறவங்க ஒன்று கவனிங்க: பேனா இல்லாத டேப்லெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீங்க. ஒரு கம்பெனி பேனா இன்னொரு கம்பெனி பலகையில வேலை செய்யாது. தனிப் பேனா விலையைப் பார்த்தா மலைச்சுப் போவீங்க.

நம்மள மாதிரி வேலைக்குப் போறவங்க மறக்கிற விஷயம் ஒன்று இருக்கு. வீட்டுல இருக்கிறது ஆபீஸ் லேப்டாப். அதுல டிரைவர் போட அட்மின் அனுமதி வேணும், ஐடி டீம் கொடுக்காது. சொந்த லேப்டாப் இல்லைன்னா, ஆண்ட்ராய்டு போன்ல ஓடும்னு தெளிவா போட்டிருக்கிற மாடலா பாருங்க. போன்ல இணைச்சா பல மாடல்கள்ல பலகையோட ஒரு பகுதி மட்டும்தான் வேலை செய்யும், அதையும் மனசுல வச்சுக்குங்க.

இப்போ தம்பியோட இஎம்ஐ. 36,000 ரூபாய், மாசம் 3,000, 12 மாசம். 'நோ காஸ்ட்'னா வட்டி இல்லைன்னு அர்த்தம் இல்ல. வட்டித் தொகையை முதல்லயே விலையில தள்ளுபடியா கழிச்சுட்டு, பேங்க் அதைத் திரும்ப வட்டியா வாங்கிக்கும். 16 சதவீதம்னு வச்சா வட்டி சுமார் 2,935 ரூபாய். இதை ஈடுகட்டிடுறாங்க, சரி. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 528 ரூபாய் உங்க கைக்காசு. பிராசசிங் ஃபீ 199-ன்னு வச்சா ஜிஎஸ்டியோட 235. ஆக 760 ரூபாய்க்கு மேல 'காஸ்ட்' இருக்கு. அதை விடுங்க, அது சின்னத் தொகை. சம்பளத்துல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு ஒரு வருஷத்துக்குக் கட்டிப் போயிடுதே, அதுதான் எனக்கு உறுத்துது. வரையுறது மூணாவது மாசமே நின்னு போனாலும் இஎம்ஐ நிக்காது.

மாசம் 1,500 தனியா எடுத்து வைங்க. மூணு மாசத்துல 4,500, ரொக்கமா வாங்கலாம். அந்த மூணு மாசமும் பேப்பர்லயோ போன்ல ஐபிஸ் பெயின்ட்லயோ வரைஞ்சுக்கிட்டே இருங்க. நின்னு போச்சுன்னா 4,500 ரூபாய் மிச்சம்.

சாஃப்ட்வேர்லயும் கை வழுக்கும். மாசச் சந்தா கட்டுற சாஃப்ட்வேரை எடுத்தா, ஒரு வருஷச் சந்தாவே டேப்லெட் விலையைத் தாண்டிடலாம். கிரிட்டா முழுக்க இலவசம், வரையுறதுக்குன்னே செஞ்சது. அதுல ஆரம்பிங்க.

"சார், இதை டாக்ஸ்ல கழிக்கலாமா?" சம்பள வருமானத்துல முடியாது. ஜிஎஸ்டி பில் வாங்கினாலும், நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணாதவர்னா கிரெடிட் கிடையாது. படம் வரைஞ்சு காசு வர ஆரம்பிச்சா அது தொழில் வருமானம். அப்போ ஐடிஆர்-1 போட முடியாது. முறையா கணக்கு வச்சா, டேப்லெட் விலையை வருஷா வருஷம் தேய்மானமா கழிச்சுக்கலாம். அதனால பில்லை மெயில்ல பத்திரமா வைங்க. வெளிவேலைக்கு அனுமதி உண்டான்னு உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் ஒரு தடவை படிச்சுடுங்க.

வாங்கின அன்னைக்கே சோதிச்சுப் பாருங்க, மாத்திக் கொடுக்கிற கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். வேற டேப்லெட்டோட பழைய டிரைவர் இருந்தா முதல்ல நீக்கிடுங்க. அப்புறம் மூலைக்கு மூலை ஸ்கேல் வச்சு மெதுவா சாய்வுக் கோடு இழுங்க. கோடு அலை அலையா நெளிஞ்சா, இல்ல ஓரத்துல மட்டும் தடம் மாறினா, "போகப் போகச் சரியாயிடும்"னு விடாதீங்க, மாத்தச் சொல்லிடுங்க. பெட்டியையும் அந்தக் கெடு முடியுற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க.