பேக் தூக்கிய அம்மா, பதக்கத்தை நெருங்கிய மகள்... கொங்கு அம்மிணிகளும் கோல்ஃப் ஆடலாமா?

2021, ஆகஸ்ட் 7. டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டியெறிந்து தங்கம் வென்ற நாள் என்பதால் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால், அன்றைக்கு விடிகாலையிலேயே பல வீடுகளில் டி.வி ஓட ஆரம்பித்துவிட்டது. 'பேர்டி' என்றால் என்ன, 'போகி' என்றால் என்ன என்று கூகுளில் தேடிக்கொண்டே இந்தியா கோல்ஃப் பார்த்தது. காரணம், பெங்களூரைச் சேர்ந்த 23 வயது அதிதி அசோக்.

உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர் அதிதி. நான்கு நாள் ஆட்டத்தில் மூன்றாம் நாள் முடிவில் இரண்டாம் இடத்தில் இருந்தார். கடைசி நாளில் மழை வந்து ஆட்டத்தை நிறுத்தியது, மறுபடியும் தொடர்ந்தது. முடிவில் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெண்கலத்துக்கான வாய்ப்பு கைநழுவி, நான்காம் இடம் கிடைத்தது. அவருக்குப் பக்கத்திலேயே கோல்ஃப் பேக்கைத் தூக்கிக்கொண்டு நான்கு நாளும் நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அந்த பேக்கைத் தூக்கியவர் அப்பா!

நம்ம ஊரில் கோல்ஃப் என்றதும் என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் ஹீரோயினின் பணக்கார அப்பா தொப்பி போட்டுக்கொண்டு ஆடுகிற ஆட்டம். பெருந்துறையில் கபடி ஆடுகிற பெண்கள் உண்டு, வாலிபால் ஆடுகிற பெண்கள் உண்டு. 'என் பொண்ணு கோல்ஃப் ஆடுறா' என்று சொன்னால், 'அதெல்லாம் நமக்கு எதுக்குங்க?' என்றுதான் பதில் வரும். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

கதவு திறக்கவே இத்தனை வருஷம்!

அதிதி ஆடிய மைதானத்துக்கே ஒரு கதை இருக்கிறது. டோக்கியோவுக்கு அருகில் உள்ள காசுமிகாசெகி கன்ட்ரி கிளப் அது. அங்கே பெண்கள் முழு உறுப்பினர் ஆக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடவும் முடியாது. 'இந்த விதியோடு ஒலிம்பிக் நடத்த முடியாது' என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி நெருக்கிய பிறகுதான், 2017 மார்ச்சில் அந்த கிளப் விதியை மாற்றியது. நான்கு வருஷத்துக்கு முன்பு வரை பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்காத இடத்தில்தான் நம் பெண் பதக்கத்துக்குப் போராடினார்.

ஜப்பான் மட்டும் அல்ல. கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தில், 1754-ல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், பெண்களைச் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்தது 2014-ல். அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா நேஷனல் கிளப் முதன்முதலாகப் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 2012-ல். பிறகுதான் காற்று திசை மாறியது. பெண்களையும் சிறுமிகளையும் கோல்ஃபுக்குக் கொண்டுவருவதற்காகவே 2018-ல் 'ஆர் அண்ட் ஏ' அமைப்பு ஒரு சாசனம் வெளியிட்டு, பல நாட்டு கோல்ஃப் சங்கங்களிடமும் கிளப்களிடமும் கையெழுத்து வாங்கியது.

இத்தனைக்கும் பெண்கள் ஒலிம்பிக் கோல்ஃபில் ஆடியது 1900-ம் ஆண்டிலேயே! பாரிஸில் நடந்த அந்தப் போட்டியில் அமெரிக்காவின் மார்கரெட் ஆபட் முதலிடம் பிடித்தார். தான் ஆடியது ஒலிம்பிக் போட்டி என்பதே தெரியாமல் 1955-ல் இறந்தும்போனார். அதன்பின் ஒலிம்பிக்கில் மறுபடியும் பெண்கள் கோல்ஃப் ஆட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீளமா அடிச்சா மட்டும் போதாது

'அவ்வளவு தூரம் அடிக்க நம்ம பொண்ணுக்கு உடம்புல தெம்பு வேணாமா?' இது அடுத்த கேள்வி. இதற்கும் அதிதிதான் பதில். டோக்கியோவில் ஆடியவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கொரோனா வந்து குணமாகியிருந்தார். மற்றவர்கள் பந்தைத் தனக்கு முன்னால் எங்கேயோ போட்டுவிட்டுப் போக, பந்தைக் குழிக்குள் உருட்டும் 'பட்டிங்' திறமையால் அவர்களுக்குச் சமமாக நின்றார். கோல்ஃப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர்தான். அதற்குள் பந்தைப் போடப் புஜபலம் தேவையில்லை. பொறுமையும் கண் கணக்கும் போதும்.

இன்னொரு விசேஷம் 'ஹேண்டிகேப்'. ஒவ்வொருவரின் திறமைக்கு ஏற்ப ஒரு எண் கொடுத்து, அதை அவர் எடுத்த ஷாட்களில் கழித்துக்கொள்ளும் முறை இது. அப்பா 90 ஷாட்டில் முடிக்கிறார், அவருடைய ஹேண்டிகேப் 15 என்று வையுங்கள். கணக்கு 75. மகள் 104 ஷாட் எடுக்கிறாள், அவளுடைய ஹேண்டிகேப் 32. கணக்கு 72. குறைவாக எடுத்த மகளுக்கே வெற்றி! 2020-ல் வந்த உலகப் பொது ஹேண்டிகேப் முறையில் உச்ச வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், 54. பத்து வயதுப் பேத்தியும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே ஆட்டத்தில் நிஜமாகவே மோத முடிகிற விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன?

ஒரு வெற்றி, ஒரு தலைமுறை

1998-ல் தென்கொரியா பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் 20 வயது பாக் சே-ரி, அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை வென்றார். தண்ணீர் ஓரமாகப் போய்விட்ட பந்தை, ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்த அந்தக் காட்சியைக் கொரியாவே டி.வி-யில் பார்த்தது. பார்த்த சிறுமிகள் பலர் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார்கள். 'சே-ரி குழந்தைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவரான பார்க் இன்-பி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் பாக் சே-ரி!

இந்தியாவிலும் விதை விழுந்திருக்கிறது. ஹரியானாவின் திக்‌ஷா டாகர் பிறவியிலேயே செவித்திறன் குறைபாடு உள்ளவர், இடக்கை ஆட்டக்காரர். ராணுவ அதிகாரியான அப்பாதான் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். போட்டிகளில் பேக்கும் தூக்கினார். 18 வயதில், 2019-ல் தென்னாப்பிரிக்க மகளிர் ஓப்பனை வென்றார் திக்‌ஷா. டோக்கியோ ஒலிம்பிக்குக்குக் கடைசி நேரத்தில் அழைப்பு வர, ஓடிப்போய் ஆடினார். மறு வருஷம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான டெஃப்லிம்பிக்ஸில் தங்கம்!

'யாருங்க கூட்டிட்டுப் போறது?'

இரண்டு பெண்கள் கதையிலும் ஒரு விஷயம் பொதுவானது. பேக்கைத் தூக்க வீட்டில் ஒருவர் இருந்தார். நம்ம பக்கத்துப் பெண்களுக்குச் சிக்கலே அங்கேதான்.

பெருந்துறையிலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். கோவையை ஒட்டிய செட்டிபாளையத்தில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மலையேறினால் ஊட்டியிலும் வெலிங்டனிலும் இருக்கிறது. மைதானமே இல்லாத ஊர் இல்லை இது. ஆனால், பையன் கிரிக்கெட் கோச்சிங் போக விடிகாலையில் பைக் எடுக்கிற வீட்டில், பொண்ணு விளையாடப் போக வேண்டும் என்றால் 'துணைக்கு யாரு?' என்ற கேள்வி வந்துவிடும். பத்தாவது வந்தால் 'படிப்பைப் பாரு கண்ணு' என்று விளையாட்டு ஓரங்கட்டப்படும்.

செலவும் உண்மைதான். மட்டை, பந்து, ஷூ, கிளப் கட்டணம், பயிற்சியாளர் என்று கை நிறையச் செலவு வைக்கிற விளையாட்டு இது. எல்லா வீட்டாலும் முடியாது. அதை மறைத்துவிட்டு 'வாங்க, ஆடலாம்' என்று அழைப்பது நியாயம் இல்லை.

இங்கே சிப்காட் இருக்கிற ஊர் என்பது கைகொடுக்கலாம். 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கோல்ஃபும் ஒலிம்பிக் விளையாட்டுதானே? வாரம் ஒரு நாள் பத்து மாணவிகளை ஒரு வேனில் செட்டிபாளையம் அழைத்துப்போய், ஒரு பயிற்சியாளரையும் ஏற்பாடு செய்தால், 'துணைக்கு யாரு?', 'செலவுக்கு யாரு?' என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும். பள்ளியோ கல்லூரியோ இப்படி ஒரு கடிதத்தோடு நிறுவனங்களின் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

எப்படித் தொடங்கலாம்?

* எடுத்த எடுப்பில் முழு செட் வாங்க வேண்டாம். ஒரு போட்டிக்கு அதிகபட்சம் 14 மட்டைகள்தான் அனுமதி. ஆரம்பத்தில் ஒரு '7 அயர்ன்', ஒரு 'பட்டர்' போதும். இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. மகளின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* கிளப்புக்கு போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் பயிற்சி இடத்தில் ஆடலாமா? சிறுவர் சிறுமியருக்குத் தனிப் பயிற்சி உண்டா? மட்டை வாடகைக்குக் கிடைக்குமா?

* வீட்டில் பாய் விரித்து, மறுமுனையில் ஒரு சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். பட்டிங் பயிற்சிக்கு அது போதும். டம்ளருக்குள் உருட்டிப் பழகிவிட்டால் நிஜக் குழி பெரிதாகத் தெரியும்.

* தெருவிலோ மொட்டை மாடியிலோ மட்டையைச் சுழற்றி அடிக்க விடாதீர்கள். கோல்ஃப் பந்து கல் மாதிரி, ஆளைக் காயப்படுத்திவிடும்.

* அம்மாக்களும் சேர்ந்துகொள்ளலாம். 18 குழிகளையும் நடந்தே முடித்தால் ஏழெட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். தினம் வாக்கிங் போகத் தயங்குகிறவர்கள்கூட, பந்தின் பின்னால் அலுக்காமல் நடந்துவிடுவார்கள்.

மகள் ஒலிம்பிக் போக வேண்டும் என்று இல்லை. அதிதிகூட ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தபோது ஒலிம்பிக்கில் கோல்ஃபே கிடையாது. பிடித்திருந்தது, ஆடினார், வீடு கூட வந்தது. அடுத்த கோடை லீவில் கோவைக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது, செட்டிபாளையம் பக்கம் வண்டியைத் திருப்பி ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். பிடிக்குதா, பிடிக்கலையா என்பதை அம்மிணியே சொல்லிவிடும்!