சாகாமல் இருந்தால் போதுமா?

ஜொகூர் பாருவில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டு நல்லடக்க ஆராதனைகளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரம் அடிக்கடி வாசிக்கப்படும். பெரியவர்கள் தமிழ் வேதாகமத்தைப் பிரிப்பார்கள். இளையவர்கள் கைப்பேசியில் ஆங்கிலத்தைப் பார்ப்பார்கள். அங்கே 53ஆம் வசனத்தில் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து வருகின்றன: அஃப்தார்சியா, அதனாசியா. தமிழில் அவை அழியாமை, சாவாமை.

இரண்டும் ஒன்றல்ல. கிரேக்கத்தில் ‘தனாதோஸ்’ என்றால் சாவு. ‘ஃப்தோரா’ என்றால் அழுகல், சிதைவு. முன்னால் வரும் ‘அ’ அவற்றை மறுக்கிறது. கல்லாமை, கொல்லாமை என்று குறள் அதிகாரப் பெயர்களில் நாம் காணும் அதே எதிர்மறை.

சாவு இல்லாமல் சிதைவு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? கிரேக்கர்கள் இதைக் கதையாகவே சொல்லி வைத்தார்கள். விடியலின் தேவதை ஈயோஸ், தன் காதலன் தித்தோனஸுக்குச் சாவாமையை வரமாகக் கேட்டாள். இளமையைக் கேட்க மறந்தாள். அவன் சாகவில்லை. ஆனால் தளர்ந்து, கைகால் அசைக்கவும் முடியாமல், ஓயாமல் முனகும் குரலாக மட்டும் எஞ்சினான். சாவாமை தனியாக வந்தால் அது வரமே அல்ல.

பவுல் ஏன் அழியாமையையும் கூடவே வைத்தார் என்பது இங்கே எனக்கு விளங்குகிறது. அவர் நிருபத்தில் அதனாசியாவைவிட அஃப்தார்சியாதான் கூடுதலாக வருகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அதனாசியா 3 இடங்களில்தான் உண்டு. அவற்றில் ஒன்று, 1 தீமோத்தேயு 6:16, சாவாமை கடவுள் ஒருவருக்கே உரியது என்கிறது. மனிதருக்கு அது பிறவிச் சொத்து அல்ல. உடுப்பைப்போல் தரித்துக்கொள்ள வேண்டியது. கொரிந்து மக்களுக்கு ஃப்தோரா கண்ணெதிரே தெரிந்த ஒன்று. பக்கத்து இஸ்த்மியா விளையாட்டுகளில் வென்றவன் தலையில் சூடிய இலைமுடி சில நாளில் வாடிவிடும். அவர்களுக்கு எழுதிய அந்த முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் பவுல் அந்தக் கிரீடத்தைத்தான் அழிவுள்ளது என்கிறார்.

1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் ரோமர் 2:7இலும் 2 தீமோத்தேயு 1:10இலும் அஃப்தார்சியாவை ‘இம்மார்ட்டாலிட்டி’ என்று, அதாவது சாவாமை என்றே மொழிபெயர்த்தது. இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் பலவும் அப்படியே. நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமமோ இரண்டு இடத்திலும் அழியாமை என்றே நிற்கிறது. கிரேக்கத்துக்கு அதுதான் நெருக்கம். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் இந்த வசனங்களையாவது தமிழில் வாசிக்க வேண்டும்.