குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளமா?

பகலெல்லாம் உழைத்துக் களைத்த குடும்பத் தலைவர், படுத்த ஐந்தாம் நிமிடமே கூரை அதிரக் குறட்டை விடுகிறார். "கொடுத்து வைத்தவர், அடித்துப் போட்டாற்போல் உறங்குகிறார்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அதே மனிதர் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுவதையும், செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்வதையும் காணும்போது நமக்கு ஐயம் எழ வேண்டாமா? இரவு முழுதும் உறங்கியவருக்குப் பகலில் ஏன் இத்தனை தூக்கம்?

உறக்கம் ஒரே நிலையன்று. அதற்குப் படிகள் உண்டு. முதற்படியில் சிறு ஓசையும் நம்மை எழுப்பிவிடும். இரண்டாம் படி சற்று உறுதியானது. அதன்பின் வருவது ஆழ்ந்த உறக்கம். மூளையின் மின்னலைகள் அப்போது மெதுவாகவும் பெரிதாகவும் எழுந்தடங்கும். உடல் களைப்பாறுவதும், குழந்தைகளின் வளர்ச்சிக்கான ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதும் இந்நேரத்தில்தான். பின்னர் கனவுறக்கம். மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் இந்நிலையை, 1953-ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உலகிற்கு அறிவித்தனர். இச்சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகும். முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமும், விடியற்காலையில் கனவுறக்கமும் மிகுந்திருக்கும்.

உறங்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதை குறுகுகிறது. நெருக்கிக்கொண்டு செல்லும் காற்றில் உள்நாக்கும் மேலண்ணத்தின் மென்பகுதியும் அதிர்வதே குறட்டை. குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர். பாதை முற்றிலும் அடைபடுவதே ஆபத்து. அப்போது குறட்டை நின்றுவிடும்! மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடும். காற்றோ உள்ளே செல்லாது. பத்து வினாடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் அதனை மூச்சுத்தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். குருதியில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு உறங்குபவரை எழுப்புகிறது. பெரிய செருமல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. விழிப்பு சில வினாடிகளே நீடிப்பதால் காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிராது.

மணிக்கு 30 தடைகளோ அதற்கு மேலோ ஏற்பட்டால் நோய் கடுமையானது. அதாவது, இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை! கிணற்றில் இறங்குபவனை மூன்றாம் படியிலேயே மேலே இழுத்துவிட்டால் அவன் தண்ணீரை எட்டுவது எங்ஙனம்? இலேசான உறக்கம் பெருகுகிறது. ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் சுருங்குகின்றன. கனவுறக்கத்திலோ துன்பம் பலருக்கு இரட்டிப்பாகிறது. கனவில் நாம் ஓடினாலும் கட்டிலிலேயே கிடப்பதற்குக் காரணம், அந்நேரம் உடலின் தசைகள் ஏறக்குறையச் செயலற்றிருப்பதே. தொண்டையும் அவ்வாறே தளர்வதால் தடைகள் நீண்டு, பிராணவாயு மேலும் குறைகிறது.

இதனைத் தூக்கக் கேடு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. உயர் இரத்த அழுத்தம், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு. வண்டி ஓட்டுபவர் சாலையில் கண்ணயர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. டான்சில் வீங்கிய சிறுவர்களுக்கும் இது வருவதுண்டு. அவர்கள் பகலில் தூங்கி வழியாமல், படபடப்பும் கவனமின்மையும் காட்டக்கூடும். அடங்காப் பிள்ளை என்று நாம் பிரம்பெடுக்கும் முன், இரவில் அவன் மூச்சைக் கவனித்தோமா?

இந்நோய்க்குச் சாட்சி நோயாளியல்லர், பக்கத்தில் படுத்திருப்பவரே. ஆதலின் மருத்துவரிடம் செல்லும்போது மனைவியும் உடன் செல்வது நலம். குறட்டையைக் காட்டிலும் அதன் நடுவே வரும் மௌனத்தைப் பற்றியே அவர் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உடல் எடையைக் குறைத்தல், மதுவை விலக்குதல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியவை பலருக்குப் பயன் தரும். தூக்க மாத்திரையைத் தாமாக விழுங்குவது கூடவே கூடாது. நோய் முற்றியோருக்கு, சிட்னி நகர மருத்துவர் காலின் சலிவன் 1981-இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. மூக்கில் பொருத்திய முகமூடி வழியாக, மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டை மூடாமல் காப்பதே அம்முறை. கருவியோடு உறங்கும் முதல் இரவுகளில், இழந்த ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் பலருக்கு வெள்ளமெனத் திரும்புகின்றன. அறையில் அரவமே இல்லாததால், மூச்சு இருக்கிறதா என்று எழுந்து பார்க்கும் மனைவியரும் உண்டு.