மழைக்கால ஒர்க்‌ஷாப்பில் கேஸ் ஹீட்டர்: புகைக்குழாய் எதற்கு, எங்கே?

அத்திப்பட்டில் ஹீட்டரா என்று சிரிக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில் மரவேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வார்னிஷ் அடித்த பலகை மூன்று நாள் ஆனாலும் பிசுபிசுன்னு இருக்கும். நண்பர் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எல்பிஜி ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கிவிட்டால் காய்ந்துவிடுமா என்று கேட்டார். அதற்குப் பதில் தேடியதில் சேர்ந்த குறிப்பு இது.

முதலில் ஈரக் கணக்கு. எல்பிஜி எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். 1 கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அது முழுக்க எரிந்தால் சுமார் 22 லிட்டர். புகைக்குழாய் இல்லையென்றால் அத்தனையும் ஷெட்டுக்குள்ளேதான். சூடான காற்று ஈரத்தைத் தாங்கும், சரி. ஹீட்டரை அணைத்து அறை குளிர்ந்ததும் அதே ஈரம் பலகை மேலும் இரும்புச் சாமான் மேலும் படியும். காய வைக்க வாங்கியது ஈரம் போடும் மெஷின் ஆகிவிடும்.

அடுத்தது உயிர்க் கணக்கு. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூக்கத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதியில், கேரளாவிலிருந்து சுற்றுலா போன 8 பேர் ஒரே அறையில் இப்படித்தான் இறந்தார்கள். அறையில் கேஸ் ஹீட்டர் ஓடியது. கதவு ஜன்னல் சாத்தியிருந்தது.

சரி, வழி எங்கே வைப்பது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மூன்று வாயுக்களைத் தனித்தனியாகப் பாருங்கள்:

1. எரியாமல் கசிந்த எல்பிஜி. காற்றைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். தரையில்தான் தேங்கும். அதனால் தரை மட்டத்தில் மூட முடியாத வலைத் திறப்பு வேண்டும். எரிவதற்கான புதுக்காற்றும் இதன் வழியே வரும்.

2. எரிந்த சூட்டுப்புகை. லேசானது, மேலே போகும். நேராக நிற்கும் குழாயில் கூரைக்கு மேல் விட வேண்டும். வட சென்னை அனல் மின் நிலையப் புகைபோக்கிகளில் வேலை செய்வதும் இதே தத்துவம்: உயரம் கூடினால் இழுவை கூடும், வளைவு கூடினால் குறையும். குழாயைப் பக்கச் சுவரில் விட்டால், மழை மாதங்களில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று புகையை உள்ளேயே தள்ளலாம்.

3. ஆறிப்போன மோனாக்சைடு. கிட்டத்தட்ட காற்றின் எடைதான். அறை முழுக்கக் கலந்து நிற்கும். அதனால் அலாரத்தை மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா? ஷட்டர் மூடியிருக்கும்போது ஃபேன் காற்றை வெளியே தள்ளினால், ஈடுகட்ட எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கீழ்த் திறப்பு போதாதென்றால் புகைக்குழாய் வழியாகவே வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. சில ஹீட்டர்களில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சார் உண்டு. நல்லதுதான், ஆனால் அது மோனாக்சைடை அளப்பதில்லை.

இன்னொன்று: வார்னிஷும் தின்னரும் விடும் ஆவி தீப்பிடிக்கும். புகைக்குழாய் எவ்வளவு சரியாக இருந்தாலும், அறைக்குள் தெரியும் தீ அந்த ஆவிக்குப் பக்கத்தில்தான் எரிகிறது. எரிய வேண்டிய காற்றையும் வெளியிலிருந்தே குழாயில் எடுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய அறை ஹீட்டர்கள் உண்டு; கேஸ்தான் வேண்டும் என்றால் அந்த வகையைப் பார்க்கலாம்.

நண்பருக்கு நான் சொன்னது: நம்ம ஊர் மழைக்காலத்தில் பிரச்சினை குளிர் கிடையாது, ஈரம். கரண்டில் ஓடும் டீஹியூமிடிஃபையர் காற்றிலிருந்து தண்ணீரைப் பிடித்து வாளியில் விடும். வார்னிஷ் அடித்ததும் ஷட்டரைத் திறந்து ஆவி போகவிட்டு, அப்புறம் அதை ஓட்டினால் போதும்.