12 லிட்டர் பையில் எத்தனை லிட்டர் தண்ணீர்?

திருமயம் சாலையில் விடிகாலையில் எங்களோடு ஓடும் தம்பி ஒருவன் ஆன்லைனில் ‘ஹைட்ரேஷன் வெஸ்ட்’ (ஓடும்போது தண்ணீரோடு மாட்டிக்கொள்ளும் பை) வாங்கினான். ‘தண்ணீர்க் கொள்ளளவு 12 லிட்டர்’ என்று போட்டிருந்ததாம். பார்சலைப் பிரித்தால் நெஞ்சுப் பக்கம் அரை லிட்டர் பாட்டில் இரண்டுதான். “மிச்சம் 11 லிட்டரு எங்கண்ணே?” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவன் கேட்டது நியாயம். இந்தப் பைகளில் லிட்டர் என்பது பெரும்பாலும் துணி, தின்பண்டம், மருந்து எல்லாம் வைக்கும் மொத்த இடத்தைக் குறிக்கும். 12 லிட்டர் தண்ணீரென்றால் 12 கிலோ. அதைச் சுமந்துகொண்டு யார் ஓடுவது?

இந்தப் பை தேவைப்படுவது அல்ட்ரா ஓட்டத்துக்குத்தான். மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அல்ட்ரா. புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஓடியே போனால் அதில் சேர்த்தி. 2017 புவனேசுவரம் ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற லட்சுமணன் நம் மாவட்டத்துக்காரர்தான். அந்தத் தூரங்களுக்குப் பையே வேண்டாம். அல்ட்ராவுக்கும் எவ்வளவு தண்ணீர் என்பதை அடுத்த குழாயோ டீக்கடையோ எங்கே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஓடப் போகும்முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. நம் ஊர் சித்திரை வெயிலில் வரும் கணக்கு மார்கழியில் வராது.

அதற்காக, போனதையெல்லாம் குடித்தே ஈடுகட்டப் பார்ப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது, தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். உடம்பு கொதித்து நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. 108 வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலப்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 20.5 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். அந்தக் கலவைக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

பை வாங்கும்போது சட்டை சைஸை நம்பாமல் மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். வந்ததும் பாட்டிலை நிரப்பி, வீட்டுக்குள்ளேயே துள்ளிப் பாருங்கள். கழுத்திலும் அக்குளிலும் உரசினால் 40-வது கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். முதுகில் மாட்டும் பிளாடர் (குழாய் வைத்த தண்ணீர்ப் பை) இன்னும் நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் அதன் குழாயைக் கழுவிக் காயவைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை கட்டும். ஊருக்கு ஊர் குழாய் இருக்கும் நம் பாதைகளுக்கு முன்பக்கப் பாட்டில் இரண்டே போதும் என்பது என் கட்சி.

தம்பி விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் பணம் திரும்பி வந்தது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத அல்லது பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்தில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சைஸ் சரியில்லை என்பது மட்டும் பழுதாகாது. அதற்கு அந்தந்தத் தளத்தின் ரிட்டர்ன் நிபந்தனைதான். விற்பவர் மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், இரண்டு வருடத்துக்குள் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். துள்ளிப் பார்த்துத் திருப்தியாகும்வரை டேக்கை அறுக்காதீர்கள்.