நகம் வளர்ந்துவிட்டது, ஓரத்துத் தோல் ஏன் இன்னும் உரிகிறது?

நான்கு மாதங்களுக்கு முன் கட்டைவிரல் கதவிடுக்கில் நசுங்கியது. நகம் கறுத்து விழுந்து, புது நகம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. ஆனால், நக ஓரத்துத் தோல் தடித்து உரிந்துகொண்டே இருக்கிறது. பாத்திரம் தேய்த்தால் எரிகிறது. ஆறவே ஆறாதா?

ஆறும். ஆனால், நகத்தின் கணக்கு வேறு, தோலின் கணக்கு வேறு. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். முழுதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும்; கால் கட்டைவிரல் என்றால் 12 முதல் 18 மாதம். அதனால் உங்கள் நகம் தாமதமாகவில்லை. தோலோ சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டும். நக ஓரத்தில் வீக்கமும் உரிதலும் 6 வாரத்தைத் தாண்டினால், அது பெரும்பாலும் நாள்பட்ட நகச்சுற்று.

அடிபடாத விரலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகம் தோலுக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய படலம் ஒன்று நகத்தோடு ஒட்டியிருக்கும். அதுதான் கியூட்டிகிள். ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் செய்யும் வேலையை அது செய்கிறது. அடிபட்டபோது அது கிழிந்திருக்கும். அந்த இடைவெளி வழியாகச் சோப்புத் தண்ணீர் தினமும் உள்ளே இறங்குவதால், ஆறத் தொடங்கும் தோல் மறுபடி புண்ணாகிறது.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் மருந்து, விரலை ஈரமில்லாமல் வைத்திருப்பது. பாத்திரம் தேய்க்கும்போது பருத்திக் கையுறை அணிந்து, அதன்மேல் ரப்பர் கையுறை போடுங்கள். கை கழுவியதும் நகக்கண் வரை ஒற்றித் துடைத்து, வாசலின் தடவுங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், கடிக்காதீர்கள். அழகு நிலையத்தில் கியூட்டிகிளைத் தள்ளிவிடவோ வெட்டவோ அனுமதிக்காதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும்.

பூஞ்சைத் தொற்று என்று மருந்துக்கடையில் களிம்பு கொடுத்தார்கள். தடவலாமா?

இந்த இடத்தில் பூஞ்சை இருந்தாலும், அது பெரும்பாலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். பூஞ்சை மாத்திரையைவிட ஸ்டீராய்டு களிம்பே இங்கு அதிகம் பலன் தருவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. அதற்காக ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகவே வாங்கித் தடவக் கூடாது. உள்ளே சீழோ, நக ஓர மருவோ இருந்தால் ஸ்டீராய்டு நிலைமையை மோசமாக்கும். நீண்ட நாள் தடவினால் தோலும் மெலியும். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த களிம்பும் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். புண் ஆறத் தடவும் களிம்பே அரிப்புக்குக் காரணமாகிவிடும்.

எலுமிச்சம்பழம் செருகினால், மஞ்சள்-சுண்ணாம்பு பூசினால் குணமாகாதா?

வெடித்த தோலில் எலுமிச்சைச் சாறும் சுண்ணாம்பும் பட்டால் எரிச்சலும் புண்ணும்தான் மிஞ்சும். சீழ் கட்டி ‘விண் விண்’ என்று தெறித்தால், அதை மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டியிருக்கும்.

விரல்நுனியில் ஏதாவது பட்டால் ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரும் ஆகவில்லை. ஏன்?

நசுங்கிய நுண் நரம்புகள் மீளும்போது இப்படித்தான் இருக்கும். குறைய மாதக்கணக்கில் ஆகும். புண் ஆறிய பிறகு, முதலில் பஞ்சு, பிறகு மெல்லிய துணி, கடைசியில் துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து, தினமும் சில முறை, சில நிமிடங்கள் மெதுவாகத் தேய்த்துப் பழக்கினால் கூச்சம் குறையும்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

விரலின் சதைப்பகுதி இறுகி வீங்கித் தெறித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். தொட்டாலே ரத்தம் கசியும் சிவந்த சதைக் கட்டி முளைத்தாலும் காட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கவே கூடாது.

நகத்தில் கறுப்பு தெரிந்தால் மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். நகராமல், கோடாக நீண்டு அகலமானாலோ, கறுப்பு பக்கத்துத் தோலுக்குப் பரவினாலோ, அது மெலனோமா என்ற புற்றுநோயா என்று பரிசோதிக்க வேண்டும்.

குணமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

நகத்தின் நீளத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்த மெல்லிய படலம் மறுபடி நகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். அதுவரை கையுறையைக் கழற்றாதீர்கள்.